அசல் பித்து

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி இன்று வாய் ஓயாமல் பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுவது பிடிக்காது. இப்படிச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்களுக்குப் பிடித்தது வண்டியை வைத்திருப்பது. வைத்திருப்பதைப் பிறருக்குக் காட்டுவது. காட்டியதைப் பார்த்துப் பிறர் பெருமூச்சு விடுவது. இந்த மூன்று சந்தோஷங்களையும் ஒரு வைர அட்டிகையே கொடுத்துவிடும். அதற்கு ஓர் எஞ்சின் எதற்கு, இரண்டு சக்கரம் எதற்கு என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

நான் வெளியே நின்று கல்லெறிகிறவன் அல்ல. என்னிடம் ஒரு ராஜ்தூத் 350 இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக இருக்கிறது. கறிகாய் வாங்குவதற்கும், ஊருக்குப் போவதற்கும், எழுத்து ஓடாத நாளில் எங்கேயாவது போய்த் தொலைவதற்கும் அதைத்தான் எடுக்கிறேன். அது எண்ணெய் கக்கும், புகை விடும், மழைக்காலத்தில் உதைத்து உதைத்துக் கால் வலிக்கும். அத்தனையும் தெரிந்துதான் அதை வைத்திருக்கிறேன். ஆகவே இந்த வண்டிக்குப் பூஜை போடுகிறவர்களைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் வண்டியைத் தெரியாதவர்களுக்காக நாலு வார்த்தை. ஜப்பானில் யமஹாக்காரர்கள் 1973-ல் ஆர்.டி. 350 என்று ஒரு மோட்டார் சைக்கிளை வெளியிட்டார்கள். 347 சி.சி.; இரண்டு சிலிண்டர்; டூ ஸ்ட்ரோக் எஞ்சின்; ஆறு கியர்; 39 குதிரைச் சக்தி. அந்தச் சக்திக்கு அது எடை குறைந்த வண்டி. தன்னைவிட இரண்டு பங்கு பெரிய எஞ்சின்களை அது வளைவான சாலைகளில் கலங்க அடித்தது. அங்கே அதன் காலம் முடிந்து சில வருஷங்களான பிறகு, 1983-ல், எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் அதையே ராஜ்தூத் 350 என்ற பெயரில் இந்தியாவில் செய்து விற்க ஆரம்பித்தார்கள்.

அதுவரையில் ராஜ்தூத் என்றால் நம் ஜனங்களுக்குப் பால்காரர் வண்டி. இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு கிராமத்து மண்சாலையில் போகிற சாதுவான 175 சி.சி. வண்டி. அந்தக் குடும்பத்தில் இப்படியொரு முரட்டுப் பிள்ளை பிறந்தது. பெரிய வண்டி என்று தெருவில் பெயர் வாங்கியிருந்த புல்லட்டுக்கே 18 குதிரைச் சக்திதான். புதிதாக வந்ததற்கோ முப்பதுக்குச் சற்று மேல். ஜப்பானிய வண்டியின் 39-ஐ நம்முடைய பெட்ரோல் செலவை உத்தேசித்து அந்த அளவுக்குக் குறைத்திருந்தார்கள். பிற்பாடு இன்னும் குறைத்து 27 ஆக்கினார்கள். குறைத்தும் பயனில்லை. 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?' என்பதையே முதல் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் கேட்கிற தேசத்தில், அது சொன்ன பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. எண்பதுகள் முடிகிற சமயத்தில் அந்த வண்டியின் கதையும் முடிந்தது.

அது ஓடுகிற விதத்தை எழுத்தில் சொல்வது சிரமம். முயன்று பார்க்கிறேன். கிளம்பும்போது ஒரு விசேஷமும் இருக்காது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவனைப்போல முனகிக்கொண்டு போகும். இதற்கா இவ்வளவு பேச்சு என்று பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் கேட்பார். எஞ்சின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டுகிற அந்தக் கணத்தில் அவர் கேள்வி வாயிலேயே நின்றுவிடும். முனகல் வீறலாக மாறும். யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாயும். புல்லட்டின் சக்தி, படிப்படியாக ஏறுகிற சக்தி. பட்டணத்துக்கு வந்து சம்பாதித்துப் பெரியவனானவனின் செல்வம் மாதிரி. ராஜ்தூத் 350-ன் சக்தி லாட்டரிச் சீட்டு மாதிரி. இல்லை, இல்லை, இல்லை என்று இருந்து, திடீரென்று எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேரும்.

இந்தக் குணத்துக்குக் காரணம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மற்ற எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பெட்ரோல் வெடிக்கும். இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கிறது. அதனால் சிறிய உடம்பில் பெரிய பலம். ஆனால் அந்தப் பலத்தோடு ஒட்டிப் பிறந்த ஒரு குறை உண்டு. மற்ற எஞ்சின்களில் கைப்பிடியை மூடினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு அநேகமாக இல்லை. கைப்பிடியை மூடினாலும் வண்டி தன்பாட்டுக்கு ஓடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலிருந்து கீழே இறங்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எஞ்சின் உதவிக்கு வராது. நிறுத்துகிற வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

அந்தப் பிரேக்குதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஜப்பானிய வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்தியாவில் செய்த வண்டியின் முன்சக்கரத்தில் டிரம் பிரேக் போட்டார்கள். அவசரமாக நிறுத்தும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்கைச் சேர்ந்தது. டிரம் பிரேக்கில் கட்டைகள் ஒரு மூடிய பாத்திரத்துக்குள் இருந்துகொண்டு தேய்கின்றன. உண்டாகிற சூடு வெளியே போக வழியில்லை. நாலு முறை அழுத்திப் பிடித்தால் ஐந்தாவது முறை பிடிப்புத் தளர்ந்துவிடும். உள்ளே தண்ணீர் புகுந்தால் கேட்கவே வேண்டாம். காய்கிற வரையில் பிரேக் இருக்கிறதா இல்லையா என்பது சந்தேகம். டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கிறது. சூடும் போகும், தண்ணீரும் வழிந்துபோகும்.

பால்காரர் வண்டிக்கு டிரம் பிரேக் போதும். முப்பது குதிரைகளுக்கு அந்தக் கடிவாளம் போதுமா என்பதற்குச் சாதாரணக் கணக்கே பதில் சொல்லும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. வேகம் இரட்டித்தால் நிற்பதற்கு வேண்டிய தூரம் இரட்டிப்பதில்லை, நாலு பங்காகிறது. இந்த நாலு பங்கைத்தான் அந்தக் காலத்து இளைஞர்கள் பலர் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். ராஜதூதனாக வந்தவன் யமதூதன் என்று பெயரெடுத்தது அப்படித்தான். பழி எஞ்சினின்மேல் விழுந்தது. எஞ்சின் என்ன செய்யும்? ஓடச் சொன்னதால் ஓடியது. நிறுத்தச் சொன்னபோது நிறுத்த வேண்டிய ஆள் பலவீனமாக இருந்தான்.

சரி, பழைய கதை; இப்போது என்ன என்பீர்கள். இப்போது என்னவென்றால், அந்தப் பலவீனமான பிரேக்கைத்தான் பூஜை அறையில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

ராஜ்தூத் 350-க்கு இன்று லட்சக் கணக்கில் விலை சொல்கிறார்கள். விலை ஏற ஏற, வாங்குகிறவனின் கேள்விகளும் மாறிவிட்டன. 'வண்டி எப்படி ஓடுகிறது? எப்படி நிற்கிறது?' என்று யாரும் கேட்பதில்லை. 'ஒரிஜினலா?' என்று கேட்கிறார்கள். பெயிண்ட் ஒரிஜினலா? மீட்டர் ஒரிஜினலா? கண்ணாடி ஒரிஜினலா? முன்பிரேக் ஒரிஜினலா? டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டிருக்கிறீர்கள் என்றால் முகம் சுளிக்கிறார்கள். என் வண்டியைப் பார்த்து ஒருவர், 'இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறீர்களே சார்!' என்று உண்மையாகவே கண் கலங்கினார். அவர் வீட்டில் இதே வண்டி இரண்டு இருக்கின்றன. ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில், விளக்குப் போட்டு வைத்திருக்கிறார். இரண்டின் டாங்கியிலும் பெட்ரோல் கிடையாது. பெட்ரோல் இருந்தால் டாங்கி உள்ளே துருப்பிடிக்குமாம், கார்புரேட்டரில் அடைப்பு விழுமாம். வாஸ்தவம். ஓட்டாத வண்டியில் எல்லாம் கெடும். அதற்கு வைத்தியம் ஓட்டுவது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பெட்ரோலை இறக்கிவிடுவது என்று தோன்றியிருக்கிறது!

இந்த அசல் பித்தைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்ப்போம். எது ஐயா அசல்?

இந்த மோட்டார் சைக்கிளைக் கற்பனை செய்து, வரைந்து, செய்து ஓட்டிப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். தாங்கள் செய்த எஞ்சினின் வேகத்துக்கு டிஸ்க் பிரேக்தான் பொருத்தம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். டிரம் பிரேக் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. அசலுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்றால், முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடுகிறவன்தான் விசுவாசி. டிரம்மைக் காப்பாற்றுகிறவர், அசலில் கைவைத்த பிற்காலத்துச் சிக்கனத்தைக் காப்பாற்றுகிறார். ராமாயணத்தில் இடைச்செருகலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பாராயணம் செய்கிறவரை என்னவென்று சொல்வது?

அது போகட்டும். நாற்பது வருஷத்து வண்டியில் அசலாக மிஞ்சியிருப்பது என்ன? டயர் அசலா? 1984-ம் வருஷத்து ரப்பர் இன்று கருங்கல்லாக இறுகியிருக்கும். அதில் ஏறி உட்கார எந்த அசல் பித்தரும் சம்மதிக்க மாட்டார். பிஸ்டன் அசலா? சிலிண்டர் தேய்ந்து போர் போட்டபோதே அது மாறிவிட்டது. ரிங் மாறியிருக்கிறது, செயின் மாறியிருக்கிறது, கிராங்க்கின் எண்ணெய் ஸீல்கள் மாறியிருக்கின்றன. மாறாவிட்டால் காற்றை உறிஞ்சி எஞ்சின் என்றைக்கோ இறுகிப் போயிருக்கும். பாட்டரி எத்தனை முறை மாறியதென்று கணக்கே இல்லை. இத்தனையும் மாறலாம், மாறினால் வண்டி அசல்தான். மனிதன் உயிர் பிழைப்பதற்காக ஒரு பிரேக்கை மாற்றினால் மட்டும் வண்டி கெட்டுப்போய்விட்டது! இந்தத் தர்க்கத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பழமையைக் காப்பாற்றுவது எப்படி என்று தெரிந்துகொள்ள நாம் சீமைக்குப் போக வேண்டாம். திருவாரூருக்குப் போனால் போதும். ஆழித்தேரைப்போலப் பழம்பெருமை வாய்ந்த வண்டி ஒன்று தமிழ்நாட்டில் உண்டா? அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். அந்தத் தேரை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் முட்டுக்கட்டைதான் ஒரே வழியாக இருந்தது. உருண்டு வருகிற சக்கரத்தின் கீழே ஆள் குனிந்து கட்டையைச் செருக வேண்டும். கை தப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி பெல் நிறுவனத்தார் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். அந்தப் பிரேக்கோடுதான் தேர் இன்றைக்கும் நாலு வீதியையும் சுற்றி வருகிறது. தியாகராஜர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடவில்லை. 'இது எங்கள் அசல் தேர் அல்ல' என்று சொல்லி வடத்தைக் கீழே போட்டவர் ஒருவரும் இல்லை. ஏனென்றால் அந்த ஜனங்களுக்குத் தேர் என்பது ஓடுகிற பொருள். வீதிக்கு வராத தேர் வெறும் மரம் என்று அவர்களுக்குத் தெரியும். தெய்வம் ஏறி வருகிற வண்டிக்கே பிரேக் மாற்றலாம். எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் செய்த வண்டிக்கு மாற்றக் கூடாதா?

இன்னொரு சாட்சியும் சொல்கிறேன். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பந்தயம் நடத்தி வந்தார்கள். எண்பதுகளில் இந்த வண்டிகள் அங்கே ஓடியதை வேலியோரத்தில் நின்று பார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன். வெந்த ஆமணக்கெண்ணெய் வாசனையும் வீறலும் இன்னும் நினைவில் இருக்கின்றன. இந்த வண்டியை யாராவது நேசித்தார்கள் என்றால் அங்கே ஓட்டியவர்கள்தாம் நேசித்தார்கள். ஆனால் அவர்கள் கைக்குப் போன வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்ததில்லை. சைலன்ஸரை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் குடைந்தார்கள், எதையெதை மாற்றினால் வண்டி நன்றாக ஓடும், நன்றாக நிற்கும் என்று ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தார்கள். காதலிக்கிறவன் பேச்சுக் கொடுப்பான், சண்டை போடுவான், திருத்தப் பார்ப்பான். தொடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறவன் காதலன் அல்ல, காவல்காரன்.

இவ்வளவு கோபம் எதற்கு, அவரவர் காசு, அவரவர் வண்டி என்று நீங்கள் சொல்லலாம். ஹாலில் நிற்கிற வண்டி ஹாலிலேயே நின்றுவிட்டால் எனக்கும் கவலையில்லை. அது நிற்பதில்லை. விலைக்குப் போகிறது. யார் கைக்குப் போகிறது என்பதில்தான் விபரீதம் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன். பெயர் வேண்டாம். இருபத்து மூன்று வயது. வேலைக்குப் போய் இரண்டு வருஷம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அப்பாவிடம் கொஞ்சம் வாங்கி, ஒரு சேகரிப்பாளரிடமிருந்து ராஜ்தூத் 350 ஒன்றை வாங்கினான். விற்றவர் எட்டுப் பத்து வண்டி வைத்திருக்கிற பெரிய ரஸிகர். வண்டியில் ஓர் ஆணிகூட மாறவில்லை என்று சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்துக்குத் தனியாக ஒரு விலையும் வாங்கிக்கொண்டார். பையன் பிறந்ததிலிருந்து ஓட்டியதெல்லாம் இந்தக் காலத்து வண்டிகள். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம் அல்லவா? இரண்டு விரலால் தொட்டால் நிற்கிற பிரேக்தான் அவனுக்குப் பழக்கம். 'தம்பி, இது டிரம் பிரேக், நனைந்தால் பிடிக்காது, எஞ்சினும் உன்னைப் பிடித்து நிறுத்தாது, முன்னால் போகிற வண்டிக்கு இரண்டு பங்கு இடம் விட்டு ஓட்டு' என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிஸ்க் மட்டும் மாற்றிவிடாதே, விலை போய்விடும் என்று சொல்லியனுப்பினார். நான் சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் சொன்னதற்கு எதிரே என் பேச்சு எடுபடவில்லை.

மூன்றாவது வாரம், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், மழை விட்ட சாயங்காலம், முன்னால் போன டிராக்டர் சைகை காட்டாமல் திரும்பியது. பையன் பிரேக்கைப் பிடித்தான். பிடித்ததாகத்தான் சொல்கிறான், நான் நம்புகிறேன். வண்டி டிரெய்லரின் மேல் போய் மோதியது. வலது முழங்காலில் மூன்று ஆபரேஷன். இப்போது நடக்கிறான். மாடிப்படி ஏறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறான்.

ஆஸ்பத்திரியில் நான் இருந்தபோது பையனின் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. விற்ற ரஸிகர்தான். விஷயம் அவர் காதுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. 'பையன் எப்படி இருக்கிறான்?' என்று கேட்டார். கேட்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை இரண்டாவதாகக் கேட்டார். முதலில் கேட்டது, 'டாங்கிக்கு அடி ஒன்றும் இல்லையே? அது கம்பெனி பெயிண்ட் ஆயிற்றே!' என்பது.

இந்த ஒரு வாக்கியத்தில் அசல் பித்தின் லட்சணம் அத்தனையும் அடங்கியிருக்கிறது. நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நம்முடைய சட்டமும் தெரிந்தோ தெரியாமலோ இந்தப் பித்துக்குத் தூபம் போடுகிறது. பழம்பெரும் வாகனங்களைப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால், 20,000 ரூபாய் கட்டிப் பதிந்து கொள்ளலாம். ஆனால் அதை அன்றாட உபயோகத்துக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. 1983-ல் பிறந்த ராஜ்தூத் 350 இந்தக் கௌரவத்துக்கு 2033-ல் தகுதி பெறும். கௌரவம் என்ன? மாறாதே, ஓடாதே என்பது! அருங்காட்சியகத்துக்கு அந்த விதி சரி. ஓட்டுகிறவனுக்கு அது பிரயோஜனமில்லை. நாங்கள் பழையபடி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பித்துக்கொள்கிறோம். அதுதான் சரியான பரீட்சை என்பேன். வண்டி நிற்கிறதா என்று அங்கேதான் ஒருவராவது பார்க்கிறார்.

பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. நியாயமான சட்டம். எஞ்சினை மாற்று, சேஸிஸை வெட்டு, காது கிழிகிற சைலன்ஸரைப் போட்டுக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவை எழுப்பு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிரேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சந்தேகம் இருக்கிறவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கேட்பதற்கே மனம் வராமல் விலை குறையும் என்று அஞ்சுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

மறுபக்கத்தில் இன்னொரு கட்சி இருக்கிறது. 'இந்தப் புகைவண்டி எதற்கு? இதே சக்தியை, புகை இல்லாமல், பாதிப் பெட்ரோலில், ஏ.பி.எஸ்.ஸோடு இன்றைக்குக் கடையில் வாங்கலாமே?' என்கிறார்கள். அவர்கள் சொல்வது அத்தனையும் உண்மை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கிறது; எரியாத மிச்சத்தை ஊரார் மூக்குக்கு அனுப்புகிறது. புகைக் கட்டுப்பாடுகள் 1996-லும் 2000-லும் இறுகியபோது அந்த ரக வண்டிகள் சந்தையிலிருந்து ஒதுங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஊரில் எல்லோரும் இந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஓட்டினால் நானே ஊரை விட்டுப் போய்விடுவேன். மிஞ்சியிருக்கிற கொஞ்சம் வண்டிகளைப் பற்றித்தான் பேச்சு.

அவற்றை எதற்காக வைத்திருக்க வேண்டும்? இதற்கு என் பதில் அந்தக் கால வண்டி இந்தக் கால வண்டியைவிட உயர்ந்தது என்பதல்ல. உயர்ந்ததில்லை. ஆனால் அது ஓட்டுகிறவனைச் சும்மா இருக்க விடாது. எண்ணெய் பம்ப் சரியாக இறைக்கிறதா என்று ஒரு கண் வேண்டும். நீண்ட இறக்கத்தில் கைப்பிடியை மூடியே வைத்திருந்தால் எஞ்சினுக்குப் போகிற எண்ணெயும் குறையும். அவ்வப்போது ஒரு திருகு திருக வேண்டும். எஞ்சினின் சத்தம் லேசாகக் கம்மினால், பிஸ்டன் சூட்டில் பருத்துச் சிலிண்டரில் இறுகப் போகிறது என்று காது சொல்ல வேண்டும்; சொன்ன அதே கணத்தில் இடது கை கிளட்சைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாக என் இடது கை விரல்கள் இரண்டு எப்போதும் கிளட்சின் மேலேதான் இருக்கின்றன. புதுப்பேட்டையில் எனக்கு வேலை செய்து கொடுக்கிற பெரியவர், சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டரின் பாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இது ஒரு வித்தை. ஓட்டினால்தான் இந்த வித்தை மனிதர்களிடம் தங்கும். ஓட்டாமல் வைத்தால் இரும்பு தங்கும், வித்தை போய்விடும். அசல் பித்தர்கள் காப்பாற்றுவது இரும்பை.

என் வண்டிக்கு டிஸ்க் போட்டவரும் அந்தப் பெரியவர்தான். முன்சக்கரத்து ஹப்பையும் ஃபோர்க்கையும் அதற்குத் தக்கபடி மாற்றி, இரண்டு நாள் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கழற்றிய டிரம்மை ஒரு சாக்கில் சுற்றி, 'பத்திரமாக வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்' என்றார். பரணில் இருக்கிறது. ஆசைப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம். தொட்டுக் கும்பிடவும் தடையில்லை.

ஆகவே, இந்த வண்டி மேல் ஆசை வைத்திருக்கிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆசைப்படுங்கள், தப்பில்லை. வாங்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். முன்பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். டயரை நகத்தால் கீறிப் பாருங்கள். விற்கிறவர் எத்தனை வண்டி வைத்திருக்கிறார் என்று கேட்காதீர்கள். இந்த வண்டியைக் கடைசியாக எப்போது மழையில் ஓட்டினார் என்று கேளுங்கள். 'மழையிலா! இந்த வண்டியையா!' என்று அவர் நெஞ்சில் கைவைத்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அவரிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் அல்ல. வாங்கிய பிறகு முதல் மாதச் சம்பளத்தை எஞ்சினில் போடாதீர்கள், பிரேக்கில் போடுங்கள்.

எங்கள் தெருப் பையனின் வண்டி இப்போது அவன் வீட்டு வாசலில் நிற்கிறது. அடிபட்ட டாங்கியை நிமிர்த்தி, கறுப்பில் ஒரு சாதாரணப் பெயிண்ட் அடித்தாயிற்று. சேகரிப்பவர் எவரும் இனி அதைச் சீந்த மாட்டார். விலை பாதிகூடப் பெறாது. புதுப்பேட்டைப் பெரியவரிடம் போன மாதம் நான்தான் கொண்டுபோய் விட்டேன். முன்சக்கரத்துக்கு டிஸ்க் ஏறியிருக்கிறது. முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டும், அப்புறம் கிக்கரை உதைத்துவிடுவேன் என்கிறான். அந்த வண்டிக்கு இப்போதுதான் ஒரு சொந்தக்காரன் கிடைத்திருக்கிறான்.